பேடு மாத்தினா பிரேக் சரியாயிடுமா?

"புது பேடுண்ணே, கொஞ்ச நாள் புடிக்கத்தான் செய்யும். ஓட ஓட சரியாயிடும்."

மெக்கானிக் தம்பி சொன்னது இது. பட்டணத்துல ஏசி போட்ட இடத்துல இதையே "சார்" போட்டு சொல்லுவாங்க. ரெண்டுமே ஏமாத்து வேலைதான்.

என்கிட்ட இருக்கறது பழைய ஆல்டோ. பின் சீட்டை மடக்கினா கத்திரிக்காய் மூட்டை நாலு ஏறும். போன மாசம் முன்சக்கரம் ரெண்டுக்கும் பேடு மாத்தினேன். மறுநாள் விடிகாலை கும்மிடிப்பூண்டியிலிருந்து கோயம்பேடு கிளம்பினா, கவரைப்பேட்டை தாண்டறதுக்குள்ள வண்டி சேத்துல மாட்டின மாதிரி இழுக்குது. பின்னாடி சிப்காட் லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான். ஓரங்கட்டி இறங்கினா இடது சக்கரத்துல கருகின வாசனை, கிட்ட கை கொண்டுபோக முடியல. வலது சக்கரம் வெதுவெதுன்னுதான் இருந்தது.

இது மைலேஜ் பிரச்சினை மட்டும் இல்லீங்க. அந்தச் சூட்டுல பிரேக் ஆயில் கொதிச்சு ஆவியாச்சுன்னா, மிதிச்ச கால் தரைக்குப் போகும், வண்டி நிக்காது.

காய் ஆறினப்புறம் விக்க முடியாது, வண்டி ஆறினா ஓட்டலாம். ஆற வெச்சு ஆற வெச்சு வீடு வந்து சேர்ந்தேன். கெட்டியான தரையில நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வெச்சு, ஜாக்கி ஏத்தி, பெடலை ஒருதரம் மிதிச்சு விட்டு, சக்கரத்தைக் கையால சுத்தினேன். புது பேடு லேசா உரசற சத்தம் வரும், அது தப்பில்ல. ரெண்டு கையால புடிச்சாலும் அசையலன்னா தப்பு. அப்புறம் காலிப்பர்ல இருக்கற பிளீடிங் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தணும். ஆயில் பீச்சி சக்கரம் விடுபட்டா, அழுத்தம் உள்ளயே மாட்டியிருக்கு. ரப்பர் ஹோஸ் உள்பக்கம் ஊதியிருக்கலாம். ரெண்டு சக்கரமும் சேர்ந்து புடிச்சா மாஸ்டர் சிலிண்டர், பெடல் பக்கம் பார்க்கணும். எனக்கு நிப்பிளைத் தளர்த்தியும் விடல. அப்போ கோளாறு காலிப்பர்லதான்.

கழட்டினா, காலிப்பர் முன்னும் பின்னும் நகர்றதுக்கு இருக்கற ரெண்டு பின்னுல கீழ்ப்பின் துருப்புடிச்சு இறுகிக் கிடக்குது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் தண்ணியில மூணு நாள் நின்ன வண்டி, ரப்பர் உறை வேற கிழிஞ்சிருக்கு. தேஞ்ச பேடு இருந்த வரைக்கும் காலிப்பர் ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு ஓடிச்சு. புது பேடு தடிமன்; காலிப்பர் துரு மேல தள்ளி உக்காந்து அப்படியே மாட்டிக்கிச்சு.

இதுக்குச் சாட்சி பழைய பேடுலயே இருந்தது. உள்பக்கத்துது இரும்பு தெரியற அளவு தேய்ஞ்சு, வெளிப்பக்கத்துது பாதி மிச்சம். தம்பி அதைத் திருப்பிக்கூடப் பார்க்காம மூலையில வீசினார்.

பாடியில பிரேக்ஸ் இந்தியா 1962-லேயே வந்தாச்சு. நம்ம ஜில்லாவுல தெருவுக்கு ஒரு பையன் ஏதோ ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனிக்கு ஷிப்ட் போறான். ஆனா ஒரு பின்னை எடுத்துத் துடைச்சு, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் வைக்க ஆளில்ல. பேரிங் கிரீஸை அப்பினா ரப்பர் ஊதி மறுபடி இறுகும், அதையும் செய்யறாங்க.

தம்பியை மட்டும் திட்டி என்ன பண்றது? பேடு விலையை நான் பேசாம குடுத்தேன். கூலி சொன்னப்போ நூறு ரூபாய் குறைன்னு நானே நின்னேன். குறைச்ச நூறுக்கு அவர் குறைச்ச வேலைதான் அந்தப் பின். கத்திரிக்காய்ல என் கூலியை யாரும் கணக்குப் பண்ணலன்னு இங்க எத்தனை தடவை எழுதியிருக்கேன்!

பின், ரப்பர் உறை, கிரீஸ் எல்லாம் வாங்கி மாட்டியாச்சு, சக்கரம் சுத்துது. பழைய பேடு ரெண்டையும் பட்டறை மூலையிலிருந்து பொறுக்கிட்டு வந்து திண்ணையில வெச்சிருக்கேன். அடுத்த வாரம் வலது பக்கத்துக்குப் போறேன். பேரம் பேச மாட்டேன், பக்கத்துல உக்காந்து பார்ப்பேன்.