பெயர் மாறியது, நெரிசல் மாறவில்லை

காலை ஒன்பது மணி. மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸில் நுழையும் லோக்கல் ரயில், முழுதாக நிற்பதற்கு முன்பே காலியாகத் தொடங்கிவிடுகிறது. ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் செல்போன், பார்வையெல்லாம் வாசலை நோக்கி. அடுத்த சில நிமிடங்களில் கூட்டம் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் கரைந்துவிடுகிறது. தலைக்கு மேலே உலகமே வியக்கும் கட்டடம் நிற்கிறது. அண்ணாந்து பார்ப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டும்தான். தினமும் வருகிறவருக்கு அந்தக் கட்டடத்தில் தேவைப்படுவது கடிகாரம் ஒன்றே.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது இந்த வட்டாரத்திலிருந்துதான். 1853 ஏப்ரல் 16 அன்று, போரிபந்தரிலிருந்து 14 பெட்டிகளில் சுமார் 400 விருந்தினர்களுடன் அது தானேக்குப் புறப்பட்டது. தூரம் 34 கிலோமீட்டர். 21 பீரங்கி குண்டுகள் முழங்கின. இழுத்துச் சென்ற மூன்று என்ஜின்களுக்கு சாஹிப், சிந்து, சுல்தான் என்று பெயர். ரயிலை விட்டது கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே என்ற ஆங்கிலேயக் கம்பெனி. ஆனாலும் பம்பாய்க்கு ரயில் வேண்டும் என்று முதலில் முயற்சி எடுத்தவர்களில் ஜெகந்நாத் சங்கர்சேட், ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்ற உள்ளூர்ப் பெருந்தனக்காரர்களும் உண்டு.

தானேயோடு ரயில் நிற்கவில்லை. சஹ்யாத்ரி மலையைக் குடைந்து 1863ல் போர்காட் வழியாகப் பாதை போட்டார்கள். அந்த வேலையில் காலராவுக்கும் விபத்துக்கும் பலியான கூலித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில். 1871ல் ராய்ச்சூரில் மதராஸ் ரயில்வேயின் பாதையோடு இந்தப் பாதை இணைந்தது. பம்பாயும் மதராசும் ரயிலால் கைகோத்தன. பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்த தமிழர்கள் பலர் வந்த பாதையும் அதுதான்.

பருத்தி வியாபாரத்தில் பணம் புரண்ட ஊருக்கு, போரிபந்தரின் பழைய நிலையம் சிறிதாகப்பட்டது. 1878ல் புதிய கட்டட வேலை தொடங்கியது. வடிவமைத்தவர் பிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். முடிக்கச் சுமார் 10 ஆண்டுகளும், 16 லட்ச ரூபாய் அளவுக்குச் செலவும் ஆயின. அன்றைக்கு அது பெரும்பணம். 1887ல் விக்டோரியா மகாராணியின் பொன்விழா வந்ததும், நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். பம்பாய்வாசிகளின் வாயில் அது 'வி.டி.' ஆனது.

ஏகாதிபத்தியத்தின் பெருமையைப் பறைசாற்றவே எழுப்பிய கட்டடம் இது. நுழைவாயில் தூண் ஒன்றில் பிரிட்டனைக் குறிக்கும் சிங்கம், இன்னொன்றில் இந்தியாவைக் குறிக்கும் புலி. குவிமாடத்தின் உச்சியில் கையில் தீப்பந்தமும் சக்கரமும் ஏந்தி நிற்கும் பெண் சிலைக்கு 'முன்னேற்றம்' என்று பெயர். ஆனால் சுவரெங்கும் படர்ந்திருக்கும் பறவைகள், விலங்குகள், இலை, பூ எல்லாம் இந்தியக் கைகளின் வேலை. ஜே.ஜே. கலைப் பள்ளியின் மாணவர்கள் இதில் பங்கேற்றார்கள். இங்கிலாந்தின் கோதிக் பாணியும் இந்திய அரண்மனைகளின் சாயலும் ஒரே கட்டடத்தில் கலந்திருக்கின்றன. 2004ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு இந்தக் கலப்பே முக்கியக் காரணம்.

சுதந்திரத்துக்குப் பிறகு மகாராணி சிலையை அகற்றிவிட்டார்கள். அது நின்ற மாடம் காலியாக இருக்கிறது. 1951ல் மத்திய ரயில்வே பிறந்தபோது அதன் தலைமையகம் இந்தக் கட்டடத்துக்கே வந்தது. 1996ல் மராட்டிய மன்னர் சிவாஜியின் பெயர் சூட்டப்பட்டது. 2017ல் 'மகராஜ்' என்ற சொல்லும் சேர்ந்தது. வயதானவர்கள் சிலர் இன்னும் வி.டி. என்றே சொல்கிறார்கள்.

இந்தக் கட்டடம் பிழைத்திருப்பதற்கு அதன் அழகு மட்டும் காரணமல்ல. அது இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. 1925 பிப்ரவரி 3ல் நாட்டின் முதல் மின்சார ரயில் இங்கிருந்து குர்லாவுக்கு ஓடியது. இன்று 18 பிளாட்பாரங்கள். அதில் 7 புறநகர் ரயில்களுக்கு. 2008 நவம்பர் 26 இரவு, வெளியூர் ரயில்களுக்காகக் காத்திருந்த கூட்டத்தின் மீது இரண்டு பயங்கரவாதிகள் சுட்டதில் 58 பேர் இறந்தார்கள். அறிவிப்பாளர் அறையிலிருந்த விஷ்ணு ஜெண்டே, பயணிகளை வேறு வழியாக வெளியேறும்படி ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பலரைக் காப்பாற்றினார். மறுநாள் ரயில்கள் ஓடின. மும்பையின் மன உறுதி என்று பத்திரிகைகள் பாராட்டின. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை என்பதும் அந்த உறுதியில் ஒரு பங்கு.

கட்டடத்தின் கதை இப்படி. அதை நாடி வருகிறவர்களின் கதை வேறு. மும்பையின் புறநகர் ரயில்களில் தினமும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்கிறார்கள். நெரிசல் நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பதுண்டு. இதற்கென்றே ரயில்வேயில் தனியாக ஒரு பெயர் இருக்கிறது, 'சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு'. தண்டவாளத்தைக் கடக்கும்போதும், ஓடும் ரயிலிலிருந்து விழுந்தும் சமீப வருடங்களில் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்டோர் இந்தத் தடங்களில் உயிரிழந்திருக்கிறார்கள். 2019 மார்ச் 14 மாலை, நிலையத்துக்கு வெளியே இருந்த நடைமேம்பாலம் இடிந்து குறைந்தது 6 பேர் இறந்தார்கள். சில மாதங்களுக்கு முன் பரிசோதனையில் தேறிய பாலம் அது. 2025 ஜூன் 9 காலை, மும்ப்ரா அருகே எதிரெதிரே சென்ற இரண்டு ரயில்களின் வாசலில் தொங்கியவர்கள் கீழே விழுந்தார்கள். குறைந்தது 4 பேர் இறந்தார்கள். அதில் ஒரு ரயில் இந்த டெர்மினஸுக்கு வந்துகொண்டிருந்தது. அதன் பிறகே புதிய சாதாரண லோக்கல் ரயில்களிலும் தானியங்கிக் கதவு வரும் என்று ரயில்வே அறிவித்தது.

இதற்கிடையே 2022 செப்டம்பரில் டெல்லி, அகமதாபாத், மும்பை ஆகிய மூன்று பெரிய நிலையங்களைப் புதுப்பிக்கச் சுமார் 10,000 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பழைய கட்டடத்தின் அழகு கெடக் கூடாது என்று பாரம்பரிய ஆர்வலர்கள் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலை. ஒரு முறை உடைத்த கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் விசாலமான காத்திருப்புக் கூடமும் கடைகளும் வந்துவிட்டால் மட்டும் நிலையம் புதுப்பிக்கப்பட்டதாகிவிடாது. கல்யாணிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் வருகிறவர் இந்த நிலையத்தில் செலவிடுவது சில நிமிடங்கள். ரயில் பெட்டியில் நசுங்குவது ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

தீப்பந்தம் ஏந்திய 'முன்னேற்றம்' குவிமாடத்தின் உச்சியில் பத்திரமாகவே இருக்கிறது. அதைக் கீழே இறக்கி ரயில் பெட்டிக்குள் கொண்டுவருவதுதான் பாக்கி. அதிக ரயில்கள், மூடும் கதவுகள், உறுதியான பாலங்கள் என்று மூன்றே சொற்களில் அந்தக் காரியம் அடங்கிவிடும். கட்டடத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை, அதைப் பார்க்க நேரமில்லாமல் ஓடுகிறவர்களுக்குக் காட்டினாலே போதும்.