பால்மரப் பலகைக்கு உலகச் சந்தை. பால் வெட்டியவருக்கு என்ன கிடைத்தது?

சுங்கை வே சுற்றுவட்டாரத்தில் இன்று ஒரு பால்மரத்தைக் கண்டுபிடிப்பதே சிரமம். தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. சீபோர்ட், எஃபிங்ஹாம் என்ற தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில்தான் மிஞ்சியுள்ளன. ஆனால் அதே பால்மரம் நாற்காலியாகவும் சாப்பாட்டு மேசையாகவும் இன்னும் கப்பலேறிக்கொண்டிருக்கிறது. மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரத்தில் செய்யப்படுபவை.

வாணிகக் கணக்கில் மெராந்தி, செங்கால் போலவே ரப்பரும் கடின மரம்தான். ஒரு காலத்தில் 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரம் விறகுக்கும் செங்கல் சூளைக்கும் போனது. வெட்டிய பலகையில் பூசணமும் பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும். மருந்தேற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகுதான் ஜொகூரின் மூவார் தளவாடத் தொழிலுக்குப் பெயர் பெற்றது.

காட்டுமரம் குறைந்ததும் இதற்குக் காரணம். தீபகற்ப மலேசியா, இந்தோனேசியா இரண்டுமே 1985-இல் உருட்டுமர ஏற்றுமதியை முழுமையாக நிறுத்தின. தாய்லாந்து 1989-இல் காட்டில் மரம் வெட்டவே தடை போட்டது. மியன்மார் 2014-இல் உருட்டுமரத்தை வெளியே விடுவதை நிறுத்தியது. தடை போட்டவர் எல்லாரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. இந்தோனேசியா ஒட்டுப்பலகையில் உலகின் முன்னணிக்கு வந்தது. ஆனால் அந்த ஆலைகளே காட்டைத் தின்னத் தொடங்கின.

வியட்நாம் வேறு வழியில் போனது. வெளிநாட்டு மரத்தை வாங்கியும், அக்கேசியாவை நட்டும், மரப்பொருள் ஏற்றுமதியை ஆண்டுக்குச் சுமார் 16 பில்லியன் அமெரிக்க டாலருக்கு உயர்த்திவிட்டது. மலேசியா 2024-இல் ஏற்றுமதி செய்தது ஏறக்குறைய 23 பில்லியன் ரிங்கிட். வியட்நாமின் அளவில் மூன்றில் ஒரு பங்குதான். தாய்லாந்தோ ரப்பர் பலகையைச் சீனாவுக்கு அப்படியே விற்கிறது. மலேசியா உள்நாட்டு ஆலைகளுக்கு மரம் போதவில்லை என்று 2017 ஜூலையில் ரப்பர் பலகை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. போதாததில் வியப்பில்லை. 1980களில் ஏறக்குறைய 20 லட்சம் ஹெக்டராக இருந்த ரப்பர் நிலம், செம்பனையும் வீடமைப்பும் விழுங்கியதுபோக, பாதியளவுக்குச் சுருங்கிவிட்டது.

இந்தக் கணக்கில் தோட்டத் தமிழர் எங்கே? விடியுமுன் எழுந்து மரம் சீவியவரின் சம்பளம் பாலின் எடையையும் ரப்பர் விலையையும் ஒட்டியே பேசப்பட்டது. மரத்தின் விலை அந்தப் பேச்சுவார்த்தையில் இடம்பெறவில்லை, மரம் நிலத்துக்காரருடையது. தோட்டம் கைமாறியபோது மரத்தோடு லயமும் போயிற்று, வேலையும் போயிற்று. ஆலைகளுக்கு மரம் கிடைக்கத் தடையுத்தரவு போட முடிந்த அரசுக்கு, மரத்தை வளர்த்தவருக்கு ஒரு பங்கு ஒதுக்க வழி தெரியாமலா போனது?

இப்போது ரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறு தோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுக் காடழிப்புச் சட்டம் மரத்தையும் ரப்பரையும் சேர்த்தே பிடிக்கிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலமல்ல என்று காட்ட, ஒவ்வொரு நிலத்தின் இருப்பிடப் புள்ளியும் பதிவாக வேண்டும். அமலாக்கம் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. உள்பகுதியில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள், நம்மவர்கள் உட்பட, கிராண்டையும் நில அளவையையும் இந்த இடைவெளியில் சரிசெய்துகொள்வது அவசரம். பத்திரம் இல்லாத பாலையும் பலகையையும் தரகர் குறைந்த விலைக்குத்தான் கேட்பார்.