குட்டி இணைப்பை நம்பாதேங்கோ

"இணைப்பு பெரிய நீளமாக் கிடக்கு, சுருக்கி அனுப்புங்கோ." வட்ஸ்அப் குழுவில் இதைக் கேட்காத கிழமை இல்லை. நாங்களும் சுருக்கித்தான் போட்டுவந்தோம். இனிக் கட்டுரைகளில் போடமாட்டோம்.

எங்கட இணைப்புகள் ஏன் இவ்வளவு நீளம்? ஒருங்குறியில் 'அம்மா' ஐந்து துண்டுகள். முகவரியைப் பிரதி எடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு துண்டும் ஒன்பது குறிகளாக விரிகிறது. மொத்தம் 45! ஆங்கிலத் தலைப்புக்கு இந்தக் கரைச்சல் இல்லை. ஆகவே சுருக்கியைக் கூடத் தேடுவதும் நாங்கள்தான், அது செத்தால் கூட இழப்பதும் நாங்கள்தான்.

பெரிய கம்பனி, சாகாது என்கிறீர்களா? கூகுள் 2009இல் தொடங்கிய சுருக்கியில் 2019க்குப் பிறகு புது இணைப்பு உருவாக்க முடியவில்லை. பழையவையும் 2025 ஓகஸ்டோடு நிற்கும் என்று 2024இல் அறிவித்தார்கள். கடைசியில் மனம் மாறி, பாவனையில் இருந்தவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள். யாரும் அடிக்கடி சொடுக்காத இணைப்பு எது? பழைய தமிழ்க் கட்டுரையொன்றின் அடிக்குறிப்புத்தானே!

முழு முகவரி இருந்தால், பக்கம் அழிந்தாலும் அதன் பிரதியை இணைய ஆவணக் காப்பகங்களில் தேடலாம். குட்டி முகவரியில் எந்தத் தளம், என்ன தலைப்பு என்ற துப்புக்கூட இல்லை.

சுவரொட்டிக்குச் சுருக்குங்கோ, பரவாயில்லை. கட்டுரையில் ஒரு சொல்லுக்கடியில் முழு இணைப்பையும் வையுங்கோ. நீளம் ஆருக்கும் தெரியப்போவதில்லை. எங்கட சான்றுகளின் ஆயுளை வேறொருவரின் இலவசச் சேவையிடம் ஒப்படைக்க நாங்கள் தயாரில்லை.