மரத்தின் நோயறிதல்

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் பாலசமுத்திரம். அவ்வூரைச் சூழ்ந்து தென்னந்தோப்புகள் விளங்குகின்றன. தோப்பில் நிற்கும் மரத்தை உழவர் நாள்தோறும் பார்க்கின்றார்; அதன் வருவாயே அவர்தம் வாழ்வு. வீட்டு மரத்தின் நிலை வேறு. கிணற்றடித் தென்னையும் வாசல் வேம்பும் கொல்லைப்புறத்து மாவும் நிழலையும் காயையும் தந்துகொண்டிருக்கும் வரையில் அவற்றை எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மரம் நோயுற்றது என்று வீட்டார் உணர்வதற்குள் அதன் வாழ்நாள் முடிந்துவிடுவதும் உண்டு.

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்து, அதன் பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் காட்டும் முறை. மக்கள் உடலுக்கு உரைத்த அம்முறை மரத்திற்கும் பொருந்தும். வாயில்லா உயிராயினும் மரம் தன் துன்பத்தை இலையாலும் பட்டையாலும் அடித்தண்டாலும் அறிவித்துக்கொண்டே இருக்கின்றது. அதனைக் காணும் கண்ணே மரத்திற்கு முதல் மருந்து.

மரத்தின் இயல்பை அறிந்தவரே அதன் நோயை அறிவர். வேம்பு ஆண்டுதோறும் பழைய இலைகளை உதிர்த்துப் புதிய தளிர்களை ஈனும். தென்னையில் அடிமட்டை முதிர்ந்து பழுத்து விழும். இவை நோயல்ல. ஆனால், தென்னையின் குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் விசிறி வடிவில் காணப்பட்டால், அது காண்டாமிருக வண்டின் வேலை. அவ்வண்டைக் கம்பியால் குத்தி எடுத்துவிடலாம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரு பங்கும் கலந்து, குருத்தை அடுத்த மட்டைகளின் இடுக்கில் இடலாம். எனினும், வண்டு பிறந்த இடம் மரமன்று. அருகிலுள்ள எருக்குழியும் மட்கிய குப்பையுமே ஆகும். எருவைக் கிளறி அங்குள்ள புழுக்களை அழிக்காமல் மரத்திற்கு மட்டும் மருந்திடுதல், ஊற்றை அடைக்காமல் நீரை இறைப்பதற்கு ஒப்பாகும்.

இதனினும் கொடியது சிவப்புக் கூன்வண்டு. அதன் புழு தண்டின் உள்ளிருந்து தின்னும். வெளியே மரம் நலமாகவே தோன்றும். தண்டில் துளையும், அதிலிருந்து வடியும் பழுப்பு நிறச் சாறும், வெளித்தள்ளப்பட்ட நார்ச்சக்கையும் அதன் அடையாளங்கள். கொண்டை சாய்ந்த பின்னர்ச் செய்வதற்கு ஒன்றுமில்லை. இவ்வண்டு மரத்தின் காயங்களிலேயே முட்டையிடுகின்றது. அக்காயங்களுள் பல மனிதன் செய்தவை. கொடி கட்ட அடித்த ஆணி, ஏறுவதற்கு வெட்டிய படி, தண்டை ஒட்டி அறுத்த பச்சை மட்டை ஆகியவை பகைவனுக்குத் திறந்துவிட்ட வாயில்கள் அல்லவோ? பச்சை மட்டையை வெட்டியே தீர வேண்டுமாயின், தண்டிலிருந்து ஏறத்தாழ 4 அடி விட்டு வெட்டுதல் நலம்.

நோயைக் காலத்தில் அறியாவிடில் கேடு ஒரு மரத்தோடு நிற்பதில்லை. தஞ்சை மாவட்டத்தில் 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின்னர்த் தென்னைகளில் ஒரு வாடல் நோய் காணப்பட்டது. தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர்பெற்ற அது, மண்ணில் வாழும் பூசணத்தால் விளைவது. அடித்தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு கசியும், வேர் அழுகும், கீழ்மட்டைகள் வாடித் தொங்கும். பட்ட மரத்தை வேரோடு அகற்றுதலும், நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டுதலும், ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இடுதலும் அடுத்த மரங்களைக் காக்கும்.

பூச்சியைக் கண்டவுடன் நஞ்சைத் தெளிப்பதே அறிவுடைமை என்பர் சிலர். அனுபவம் அவ்வாறு கூறவில்லை. 2008ஆம் ஆண்டில் கோவைப் பகுதியில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி முதலியவற்றையும் தாக்கிப் பரவியது. நஞ்சுகள் தெளித்தும் அது அடங்கவில்லை. 2010ஆம் ஆண்டில் போர்ட்டோரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒரு சிறு குளவியே அதனை ஒடுக்கியது. 2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சியில் முதன்முதலாகக் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈக்கும் அத்தகைய ஒட்டுண்ணிக் குளவி ஒன்று பகையாக உள்ளது. கண்டபடி தெளிக்கும் நஞ்சு பகைவனோடு நண்பனையும் கொன்றுவிடும். கிணறும் சமையற்கட்டும் குழந்தைகளும் அருகிலிருக்கும் வீட்டு முற்றத்திலோ அதன் தீங்கு இருமடங்கு. தென்னையோலையில் படிந்த வெள்ளை ஈயைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தும், மஞ்சள் நிற ஒட்டுப்பொறி கட்டியும் பெரிதும் குறைக்கலாம். மருந்தே கூடாது என்பதன்று. காரணம் அறியுமுன் அதனைத் தொடுதல் கூடாது என்பதே கருத்து.

அறியாமை மருந்தோடும் நிற்பதில்லை. சில வேளைகளில் கோடரியையும் எடுக்கின்றது. அண்மை ஆண்டுகளில் வேம்பின் கிளை நுனிகள் கருகும் நோய் பல இடங்களில் காணப்படுகின்றது. 2021ஆம் ஆண்டில் தெலங்கானாவில் அது பரவலாகத் தோன்றியது. மரம் பட்டுவிட்டது என்று எண்ணி வெட்டுதல் தகாது. காய்ந்த நுனிகளைக் களைந்துவிட்டுப் பொறுத்திருந்தால் பெரும்பாலும் மீண்டும் தளிர்க்கும்.

தேங்காய் பறிக்கும் நாளில் மட்டும் தென்னையை நோக்குவது நன்றியன்று. பாட்டனார் வைத்த மரத்தின் பயனை உண்ணும் பேரன், வாரத்தில் ஒரு நாள் அதன் வேரடி முதல் குருத்து வரை நோக்குதல் கடமையாகும். அவ்வாறு நோக்கும் வீட்டில் மரமும் நெடுநாள் வாழும். அதன் நிழலில் மனையும் குளிரும்.