மலைக்கொரு நியாயம், பேட்டைக்கொரு நியாயமா?

குளிர்காலத்தில் காஷ்மீரத்து மலைக்கிராமவாசிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. எந்த ஜில்லாவில், எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல், அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆபத்து நேரக்கூடும், அது எந்தப் படியிலுள்ள ஆபத்து என்பவை அதில் தனித்தனியே கூறப்படுகின்றன. சண்டிகரிலுள்ள ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனமொன்று இதைக் கணித்து அளிக்கிறது. பாராட்டத்தக்க காரியமே. ஆனால் இதே தேசத்துப் பிரஜைகளாகிய வண்ணாரப்பேட்டைவாசிகளுக்குக் கிடைப்பது என்ன?

நமக்குப் பனிச்சரிவு இல்லை; ஐப்பசி, கார்த்திகை மழையே நம் ஆபத்து. அதற்கு "சென்னையில் கனமழை பெய்யக்கூடும்" என்ற ஒரு வரி கிடைக்கிறது. மேட்டுத் தெருவுக்கும் அதே வரி. கால்வாய்க்கரைக் குடிசைக்கும் அதே வரி. துறைமுகத்தில் புயற்கூண்டு ஏறுகிறது. அதன் பதினொரு எண்களும் மாலுமிகளுக்காக ஏற்பட்டவை. கப்பலுக்குக் கூண்டு உண்டு. கொருக்குப்பேட்டைக் குடிசைக்கு என்ன உண்டு?

பிரதேசவாரியாகக் கணித்தல் விஞ்ஞானத்துக்குப் புதிதன்று. 1876-78-ம் வருஷத்துப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பிறகு, மழையை முன்கூட்டிச் சொல்லும்படி வானிலை இலாகாத் தலைவர் பிளான்போர்டை அக்காலத்துச் சர்க்கார் கேட்டது. அவர் இமயத்துப் பனியைக் கொண்டு தென்மேற்குப் பருவமழையை அனுமானித்தார். 1886-ல் அவ்வனுமானம் முறையாக வெளியிடப்பட்டது. பின்னர் 1904 முதல் 1924 வரை இலாகாவை நடத்திய கில்பர்ட் வாக்கர், தேசம் முழுமைக்கும் ஒரே கணக்குப் பொருந்தாதென்று கண்டு, நாட்டைப் பகுதிகளாகப் பிரித்துக் கணித்தார். அன்று தேசத்தைப் பிரித்து நோக்கிய சாஸ்திரம் இன்று நகரத்தைப் பிரித்து நோக்கலாகாதா?

தெருத்தெருவாக மழையளவை முன்னறிதல் இயலாதென்பர் நிபுணர். ஒப்புக்கொள்கிறோம். எத்தெருவில் மழை பெய்யும் என்று நாம் கேட்கவில்லை. பெய்தால் எத்தெருவில் தண்ணீர் நிற்கும் என்றே கேட்கிறோம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மழைதோறும் மூழ்கி வந்ததை அறியாதார் இல்லை. கடல் ஏறியிருக்கும் வேளையில் எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளம் எளிதில் வடியாதென்பதும் யாவரும் அறிந்ததே. 2015 டிசம்பரில் நகரம் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் மூழ்கியது. எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து வீடுகளிலும் படகுகளிலும் படிந்தது. இருமுறை பட்ட பின்னும் ஒரு வரி எச்சரிக்கையோடு திருப்தியடைவது விவேகமாகாது.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் சென்னைக்கென வெள்ளக் கணிப்பு முறையொன்றை வகுத்திருக்கிறது. அக்கணக்கு அதிகாரிகளின் அறையோடு நிற்றல் தகாது. எந்த வட்டத்தில், எத்தனை அடித் தண்ணீர், எத்தனை மணிக்குள் வரக்கூடும், கடல் ஏற்றம் எப்போது, ஒதுங்குமிடம் எது என்பதை முதல் நாள் மாலைக்குள் தெளிந்த தமிழில் ஒலிபெருக்கி மூலம் தெருவுக்குத் தெருவு சொல்லுதல் கார்ப்பரேஷனின் கடமை.

நமக்கும் கடமை உண்டு. 2015-லும் 2023-லும் தண்ணீர் நின்ற கோடு இன்னும் பல சுவர்களில் தெரிகிறது. தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று அவற்றை அளந்து குறித்து, வட்டக் கவுன்சிலரிடம் எழுத்துமூலம் சமர்ப்பிப்பார்களாக. கணக்கைக் கையில் வைத்துக் கேட்கும் ஜனங்களுக்குச் சர்க்கார் "தெரியாது" என்று பதில் சொல்ல முடியாது. அடுத்த மழைக்கு முன்பே இவ்வேலை தொடங்கட்டும்.