எவர்சில்வர் ஊர்தியும் சொல்லின் எடையும்

வழக்கத்தை மீறிப் பிறக்கும் எதனையும் உலகம் முதலில் நகைக்கும்; பின்னர் வியக்கும்; இறுதியிலேயே எடைபோடும். அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் படைத்த சைபர்டிரக் என்னும் மின்சாரப் பிக்கப் ஊர்தியை எடைபோடும் காலம் வந்துவிட்டதென்று நாம் கருதுகிறோம்.

அமெரிக்க நாட்டில் பிக்கப் என்பது உழவரும் தச்சரும் கட்டடத் தொழிலாளரும் கையாளும் உழைப்பாளி வண்டி. முன்னே இருக்கை, பின்னே திறந்த சரக்குத் தொட்டி என்னும் அமைப்பும் தோற்றமும் பல பத்தாண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை. 2019 நவம்பர் 21 அன்று கலிபோர்னியாவின் ஹாதார்ன் நகரில் அறிமுகமான சைபர்டிரக்கோ, தாளை மடித்துச் செய்தாற்போல் கூர்முனைகளும் தட்டை முகங்களுமாய் நின்றது. உறுதியைக் காட்ட எறிந்த உலோகக் குண்டு கண்ணாடியில் விரிசலை உண்டாக்கவே, உலகம் நகைத்தது.

ஆயினும், அவ்வடிவம் வெறும் விளம்பர வேடிக்கையன்று. நம் அடுக்களையில் எவர்சில்வர் எனப் பெயர் பெற்ற துருப்பிடிக்காத எஃகின் கடினமான வகையொன்றே அதன் மேனி. அத்தகைய தகட்டை அச்சில் அழுத்தி வளைவுகளாக்குதல் அரிது. நேர்க்கோட்டில் மடித்தல் எளிது. பொருளின் இயல்பே வடிவத்திற்குக் காரணமாயிற்று. வழக்கமான 12 வோல்ட்டுக்கு மாறாக 48 வோல்ட் மின்னமைப்பு, திருப்புவளையத்திற்கும் சக்கரங்களுக்கும் இடையே இரும்புத் தண்டின்றி மின்குறிப்பால் இயங்கும் அமைப்பு ஆகியனவும் துணிவின் சான்றுகளே. 845 குதிரைத்திறன் கொண்ட வகை, நின்ற நிலையிலிருந்து 2.6 நொடிகளில் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டும் என்கிறது நிறுவனம். ஏறத்தாழ மூன்று டன் எடையுள்ள ஊர்திக்கு இது வியத்தகு ஆற்றல்.

எனினும், நம் குறை வடிவத்தைப் பற்றியதன்று, வாக்கைப் பற்றியது. 2019இல் சொன்ன தொடக்க விலை 39,900 டாலர். 2023 நவம்பர் 30 அன்று முதல் ஊர்திகள் வழங்கப்பட்டபோது அறிவித்த மிகக் குறைந்த விலையோ 60,990 டாலர். உயர் வகை ஒரே மின்னேற்றத்தில் 500 மைல் செல்லும் என்றனர். தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தவற்றுள் மிகுதியாகச் செல்வதற்கே 340 மைல்தான் கணக்கிட்டனர். எஃகு மேனியே எலும்பாய் நின்று சுமை தாங்கும் என்றனர். வந்த ஊர்தியிலோ உள்ளிருக்கும் கட்டமைப்பே பெரும்பாலும் சுமை தாங்குகிறது. பசையால் ஒட்டிய எஃகுப் பட்டை பெயரக்கூடும் என்பதால், 2025 மார்ச்சில் 46,000க்கும் மேற்பட்ட ஊர்திகள் திரும்ப அழைக்கப்பட்டன. எலும்பெனச் சொல்லப்பட்டது, ஒட்டிய தோலாயிற்று!

புதுமை படைப்போர் தவறுவது இயல்பு. அதனை நாம் பழிக்கமாட்டோம். ஆனால், செய்துபார்க்கும் முன்னரே செய்துமுடித்தாற்போல் உரைப்பதைப் புதுமையின் பெயரால் பொறுத்துக்கொள்ளல் தகாது. அச்சொல்லை நம்பி முன்பணம் கட்டிக் காத்திருந்தோர் பலர். கூடுதல் விலையின் சுமை, கண்டுபிடித்தவர் தோளில் அன்று, நம்பியவர் தோளிலேயே விழுகிறது.

மாணவ நண்பர்களே! நாளை நீங்களும் பொறியாளராகலாம், வணிகராகலாம், ஆசிரியராகலாம். உலகம் நகைக்குமே என்றஞ்சிப் புதிய வடிவங்களைக் கைவிடாதீர்கள். அதே வேளையில், அளந்து பார்க்காத எண்ணை மேடையில் உரைக்காதீர்கள். எஃகு துருப்பிடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது; சொல்லும் துருப்பிடிக்காதிருத்தல் வேண்டும்.