சமையல் படிப்பு அல்ல

பிளஸ் டூ முடிவு வந்ததும் சால்ட் லேக்கில் உள்ள நம் வீடுகளில் இரண்டே பேச்சுதான்: என்ஜினியரிங், இல்லையேல் டாக்டர். நீட் தேர்வில் இடம் கிடைக்காத பெண் "ஊட்டச்சத்துப் படிப்பு படிக்கிறேன்" என்றால், "சமையலுக்கு எதற்கம்மா பட்டம்?" என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். பையன் கேட்டாலோ சிரிப்புகூட வருவதில்லை!

உயிர்வேதியியல், உடலியங்கியல், நோய்க்கேற்ற உணவுமுறை என்று பாடங்கள் கடினமானவை. சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியத்தை எவ்வளவு குறைப்பது என்பது கைப்பக்குவத்தால் வருவதா? சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் வாழ்நாளையே இத்துறைக்குத் தந்தார். அவர் இயக்குநராக இருந்த ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-இல் நம் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியதுதான். கொல்கத்தாவிலும் 1932-இல் தொடங்கிய அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் டயட்டெடிக்ஸ் டிப்ளமாவுக்குப் பேர்போனது. சால்ட் லேக்கிலேயே அதற்கு ஒரு வளாகம் உண்டு.

இங்கு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி. சர்க்கரை நோயுள்ள வங்காளிப் பெரியவரிடம் "சோற்றை விடுங்கள், சந்தேஷை விடுங்கள்" என்று மட்டும் சொன்னால் மறுமுறை வரமாட்டார். எந்த வேளை எவ்வளவு சோறு, மீன் குழம்பில் எத்தனை கரண்டி கடுகெண்ணெய் என்று அவர் பாஷையிலேயே பேச வேண்டும். நம் பிள்ளைகள் பேசுவார்கள். இட்லி சாம்பாருக்கும் கணக்குச் சொல்வார்கள்.

ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைப்பானேன்? யார் வேண்டுமானாலும் டயட்டீஷியன் என்று பலகை மாட்டிக்கொள்வதும் உண்டு. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இத்துறையையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே ஃபீஸ் கட்டுமுன் கல்லூரியில் கேளுங்கள்: மருத்துவமனைப் பயிற்சி எத்தனை மாதம், எந்தெந்த வார்டில்?